எட்டடி மலைப்பாம்பு

காலையில் இரண்டு கிளாஸ் வெந்நீர் குடித்தால் தொண்டை மணிபோல் இருக்கும், தம்புசாமி. பார்வையற்றோர் சங்கத்துச் செயலாளர் நீங்களே அதைப் பாராட்டியிருக்கிறீர்கள். தபால் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் முத்திரை குத்தியே வீணாய்ப்போன குரல் இது. ஓய்வு பெற்றபின்தான், கண் தெரியாதவர்களுக்காக வானொலியில் பத்திரிகை வாசிக்க நீங்கள் கூப்பிட்டீர்கள். ஞாயிறுதோறும் அரை மணி நேரம்.

பத்திரிகையை உள்ளபடி வாசித்தால் மாடுகூடத் தூங்கிவிடும். அதனால் கொஞ்சம் உப்பு போட்டேன். நியாலாஸ் செம்பனைத் தோட்டத்தில் எட்டடி மலைப்பாம்பு பிடிபட்டது என்றிருந்தது. நான் பதினெட்டடி என்றேன். வயிற்றுக்குள் ஒரு சைக்கிள் இருந்ததாம் என்றேன். கடைசியில் ஒரு ‘ஆம்’ போட்டுவிட்டால் அது பொய்யில் சேராது.

புலாவ் செபாங் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் சின்னத்தம்பி. இரண்டு கண்ணிலும் புரை. நிகழ்ச்சி முடிந்து நான் வீடு திரும்பியதும் அவர் போன் வந்துவிடும்.

“சார், சைக்கிள்ல ஆளு இருந்தானா இல்லையா?”

“எறங்கி ஓடிட்டானாம்யா. பெல்லு மட்டும் உள்ள இன்னும் அடிக்குதாம்.”

அவர் சிரிப்பில் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்கவேண்டும்.

தொண்ணூற்றைந்து மார்ச்சில் ஒருநாள் சொன்னார்: “சார், நம்ம ஊரு மண்டபத்துல இலவசமா கண் ஆப்பரேஷனுக்கு ஆள் எடுக்கறாங்களாம்லா. பேப்பர்ல வந்தா வாசிங்க. கண்ணு வந்ததும் மொதல்ல அந்தப் பாம்பு சேதியத்தான் படிப்பேன். பேப்பர பத்திரமா வச்சிருக்கேன். மக மோகனா மலாய் ஸ்கூல்ல படிச்சவ, அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. கோப்பிக்கடையில ஒருத்தனும் நம்பமாட்டேங்கறான் சார். நானே அவனுங்க முன்னால நின்னு வாசிக்கணும்.”

நானும் சிரித்தேன்.

அறிவிப்பு வந்தது. வாசித்தேன். இடம், தேதி, நேரம் எதையும் மாற்றவில்லை. மேசையில் வைத்திருக்கிறீர்களே, அந்த கேசட்டைப் போட்டுப் பாருங்கள். பிறகு இரண்டே வரி சேர்த்தேன். “கண்ணை வெளியே எடுத்துக் கழுவித்தான் திரும்ப வைப்பார்களாம். மூன்றில் ஒன்று மறுபடி உட்காருவதில்லையாம்.”

அன்றைக்கு போன் வரவில்லை. சாயங்காலம்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஞாயிறு வந்தது.

“நான் போகல சார். நீங்க வாசிக்காட்டி மாட்டியிருப்பேன்லா. உங்களுக்குப் புண்ணியம்.”

பரவாயில்லை என்றேன்.

ஆப்பரேஷனுக்குப் பெயர் கொடுத்த பதினோரு பேரில் ஒருவர்கூடப் போகவில்லை என்பது இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. வெறும் இரண்டு வரிக்குப் பதினோரு பேர். எனக்கே மலைப்பாக இருக்கிறது.

போன மாதம் மோகனா அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாளாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது, போன வருடமே வந்திருந்தால் பார்வை கிடைத்திருக்கும் என்றாராம் டாக்டர். இதில் ஒரு ‘ஆம்’கூட நான் சேர்த்தது இல்லை, எல்லாம் நீங்கள் சொன்னது.

வேண்டுமென்றே செய்தேனா என்று கேட்கிறீர்கள். இந்தத் தடவை அந்த வார்த்தையை முன்னால் போடுகிறேன். ஆம், வேண்டுமென்றேதான். அவர் அந்தப் பாம்பைப் படித்துவிடக்கூடாது.

நிகழ்ச்சியை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். சின்னத்தம்பியை நினைத்துப் பாருங்கள், பாவம். கண் தெரியாத மனிதர். என்னை விட்டால் அவருக்கு வாசித்துக்காட்ட யார் இருக்கிறார்கள்?