குறுகிய பகல் அறை

ஐயா, மேசை விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்ததற்கு நன்றி. பல வருடங்கள் மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் வேலை பார்த்தவன். வெள்ளை வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது. நடந்ததை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

பூச்சி ஆராய்ச்சிக்கூடத்தில் அந்துப்பூச்சிகளுக்குப் பகலும் இரவும் தருவது என் வேலை. ஓர் அறைக்கு நீண்ட பகல், இன்னொன்றுக்குக் குறுகிய பகல். பகல் சுருங்கினால் பூச்சியின் உடற்கடிகாரம் கண்டுகொள்ளும். குளிர்காலம் வருகிறதென்று சில மரபணுக்களை அடக்கும், சிலவற்றை எழுப்பும். கூட்டுப்புழு உறங்கிவிடும். செத்ததுபோலக் கிடக்கும், வளராது, மூப்படையாது. அதன் வயிற்றில் குளவி இட்ட முட்டையிலிருந்து வந்த புழு இருந்தால் அதுவும் கூடவே உறங்கும்.

கூடத்தில் என்னைச் 'சூரியன்' என்பார்கள். "சூரியன் லீவு போட்டா இங்க ஒருத்தருக்கும் விடியாது" என்பது அவர்கள் கேலி. ஒருநாள் ஆய்வு மாணவி ஒருத்தி, "நம்ம மனுஷங்க கடிகார மரபணுவும் பூச்சியோடதும் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி சார்" என்று சிரித்தாள். அந்த வாரம்தான் என் மனைவியின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. அறுத்தெடுக்க முடியாது, புது மருந்து அடுத்த வருஷம் வரலாம் என்றார் மருத்துவர். அதுவரை அவள் தாங்க வேண்டும்.

எனக்கு அவளைத் தவிர யாருமில்லை. பயந்துபோனேன். பயந்தவன் தனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்வான்.

பின்னறை ஜன்னலை அட்டையால் அடைத்தேன். ஓய்வுக்காக என்றேன், நம்பினாள். விளக்கெரியும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கத்தரித்தேன். ஏசியில் குளிரைக் கூட்டினேன். சாப்பாட்டைக் குறைத்தேன், உறங்கப்போகும் பூச்சி உண்ணாது.

"என்னங்க, வெளிய இப்ப பகலா?"

"இல்லம்மா, ராத்திரி. தூங்கு."

"பசங்க விளையாடுற சத்தம் கேக்குதே."

"விளையாடட்டும் விடு."

"பயமா இருக்குங்க. கதவை மட்டும் சாத்தாதீங்க."

சாத்தினேன். நீண்ட இருளின் நடுவே ஒரு கணம் வெளிச்சம் பட்டாலும் உறக்கம் கெட்டுவிடும். கூடத்தில் அந்த அறைகளுக்கு அதனால்தான் பூட்டு. வீட்டிலும் பூட்டினேன்.

அவளுடைய அக்கா வந்து வாசலில் நின்றார். "விடிய வைக்கிறதுதானே தம்பி உங்க வேலை? என் தங்கச்சி வீட்ல மட்டும் ஏன் விடியவே மாட்டேங்குது?" என்றார். தூங்குகிறாள் என்றேன். அது பொய்யில்லை.

பிறகு அறையில் அசைவில்லை. அசையாததைச் செத்ததென்று தூக்கிப் போடக்கூடாது, பகலை நீட்டிப் பார்த்த பிறகே முடிவு என்பது எங்கள் கூடத்து விதி. காத்திருந்தேன். தெருமரங்கள் துளிர்த்ததும் குளிரைக் குறைத்து, பகலை மெல்ல நீட்டத் தொடங்கினேன். வாடை வருவதாகப் பக்கத்து வீட்டார் சொல்லி, அக்கா ஆட்களோடு வந்து பூட்டை உடைத்தார். ஒரேயடியாகப் பெரிய விளக்கைப் போட்டுவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு முறை தெரியாது.

கட்டி வளரவே இல்லை, பசியும் குளிரும்தான் கொன்றன என்று பிணப்பரிசோதனை அறிக்கையில் இருப்பதாகப் படித்துச் சொன்னீர்கள். முதல் பாதியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

கதவின் உட்புறத்து நகக்கீறல்களைப் பற்றியும் கேட்டீர்கள். ஆம் ஐயா, கீறும்போது நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். என்றும் 'என்னங்க' என்பவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். உறங்குமுன் புழு இப்படித்தான் சுவரோரம் ஊர்ந்து இடம் தேடும், நல்ல அறிகுறி. சாவி என் கையில் இருந்தது. சத்தம் நின்ற பிறகுதான், கட்டி என்று மருத்துவர் சொன்ன நாளுக்கப்புறம் முதல்முறையாக, நான் பயமில்லாமல் தூங்கினேன்.