நாற்பது டிகிரி

நீங்கள் கொடுத்த பேனா கசிகிறது, மேடம். குறையாகச் சொல்லவில்லை. முள்ளுக்குக் கீழே இருக்கும் நாக்கு லேசாக விலகியிருக்கிறது, அவ்வளவுதான். எழுதி முடித்ததும் சரி செய்து தருகிறேன். எதையும் பழுதாக விட்டுவிட்டு எழுந்து போக எனக்கு மனசு வராது.

என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று வாக்குமூலமாக என் கைப்படவே எழுதச் சொன்னீர்கள். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். பொறியியல் துறையின் உயர்வெப்பப் பொருள்கள் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக உலைப் பொறுப்பாளர் நான். பிள்ளைகள் தூளைக் கலப்பார்கள், அழுத்தி வில்லையாக்குவார்கள். அதைச் சுடும் உலை என் பொறுப்பு. எந்த நாளில் யாருக்கு உலை என்று எழுதி வைக்கும் பலகையும் என் பொறுப்பு. உதவித்தொகை அறிவிப்புகளை ஒட்டுவது என் வேலையில் சேராது, ஆனாலும் நான்தான் ஒட்டுவேன். எங்கள் பேராசிரியருக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் 'அப்புறம்'. எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அப்புறம் பார்க்கலாம் என்பார். அவர் பார்ப்பதற்குள் கடைசித் தேதி போய்விடும். அதனால் தேதிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு ஒட்டுவேன். எத்தனையோ பேர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். இதையும் குறித்துக்கொண்டால் நல்லது.

அந்தப் பெண்ணுக்கும் உதவித்தொகை அப்படித்தான் கிடைத்தது. ஆய்வகத்தில் அவளை வண்டு என்பார்கள். வில்லையைத் தேய்த்து வழவழப்பாக்கும்போது தனக்கே தெரியாமல் மெல்ல ரீங்கரித்துக்கொண்டிருப்பாள். வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, வாரம் மூன்று நாள் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அறிவிப்பை நான்தான் அவளிடம் காட்டினேன். துறைக்கு ஒன்றே ஒன்று, மூன்று வருடத்துக்கு. வளாகத்திலேயே குடியிருப்பு, கூட இருக்கும் குடும்பத்தாருக்கு வளாக மருத்துவமனையில் இலவச வைத்தியம்.

"அண்ணா, இது கெடைச்சா அம்மா பொழைச்சுப்பாங்க" என்றாள். விண்ணப்பத்தை என் மேசையில் உட்கார்ந்துதான் நிரப்பினாள்.

அவள் செய்த வேலையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விமான எஞ்சினுக்குள் சுழலும் தகடுகளுக்கு ஒரு பூச்சு தேவை. எவ்வளவு சூடேறினாலும், எவ்வளவு சீக்கிரம் குளிர்ந்தாலும் அது விரிசல் விடக் கூடாது. அதற்கான பீங்கான் கலவையை நாணய அளவு வில்லையாகச் சுட்டு, பிறகு பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டுப் பார்ப்போம். தேறாத வில்லை 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். அதோடு அதன் கதை முடிந்தது. அவளுடைய மூன்று வில்லைகள் பன்னிரண்டு முறை தண்ணீரில் விழுந்தும் வாயைத் திறக்கவில்லை. சேர்ந்த ஏழாவது மாதத்தில் இது நடந்தது. அந்த முடிவை வைத்துத்தான் உதவித்தொகை கொடுத்தார்கள். அந்த மூன்றையும் குறுக்காக வெட்டி உட்பக்கத்தைப் பார்த்ததில் அவை தீர்ந்துவிட்டன. ஒரு வருடம் கழித்து மதிப்பீட்டுக் குழுவின் கண்ணெதிரே மறுபடி மூன்று செய்து காட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

அந்தக் கலவை என்னுடையது, ஆய்வகத்தின் பழைய பதிவுகளிலிருந்து அவள் எடுத்திருந்தாள். உலைக்காரன் ஆவதற்கு முன்னால் நானும் அதே ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவன். ஆறு வருடம் அந்தக் கலவையோடு மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வில்லையும் முதல் முழுக்கிலேயே டிக். என் உதவித்தொகை நின்றது. பட்டம் வாங்காமலேயே இந்த வேலைக்கு வந்தேன். "உன்னக் கெட்டிக்காரன்னு நெனச்சேனேடா" என்று அப்பா கண்ணை மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கை வராது, அவ்வளவுதான் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். தன்னைப் பற்றி அப்படி ஒரு முடிவுக்கு வந்துவிட்ட மனிதனுக்கு அப்புறம் நிம்மதிதான். நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள் விடுப்பு எடுத்ததில்லை.

உதவித்தொகை வந்து எட்டாவது மாதம் அவள் என் பழைய குறிப்பேடுகள் ஆறையும் அணைத்துத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, உங்க மேல தப்பே இல்ல. பழைய உலைதான் பொய் சொல்லியிருக்கு. நாப்பது டிகிரி கொறச்சலா சுட்டிருக்கு. நீங்க கலந்தது அத்தனையும் சரி."

உலைக்குள் ஒவ்வொரு முறையும் வில்லையோடு ஒரு சிறிய சோதனை வளையம் வைப்போம். சூட்டுக்குத் தக்கபடி அது சுருங்கும். வெளியே எடுத்து அதன் அகலத்தை அளந்து, அட்டவணையில் பார்த்தால், உள்ளே உண்மையில் எவ்வளவு சூடு இருந்தது என்று தெரிந்துவிடும். நான் ஆறு வருடமும் வளையம் வைத்திருக்கிறேன், அளந்திருக்கிறேன், அழகாகக் கட்டம் போட்டு எழுதியும் வைத்திருக்கிறேன். அட்டவணையைப் புரட்டிப் பார்த்ததில்லை. திரையில்தான் எண் தெரிகிறதே, எதற்கு என்று விட்டிருக்கிறேன். அவள் ஒரே சாயங்காலத்தில் பார்த்துவிட்டாள்.

"அடுத்த கட்டுரைல உங்க பேரையும் போடப்போறேன்ணா. 'அப்புறம்' சார்கிட்டயும் சொல்லியாச்சு" என்றாள்.

நான் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அதை அவள் குடித்து முடிக்கும்வரை கூட உட்கார்ந்திருந்தேன்.

வயிற்றெரிச்சல் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மேடம். வயிறு எரிந்தால் அன்றைக்கே எதையாவது போட்டு உடைத்திருப்பேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு மனிதன் பத்தொன்பது வருடம் பாடுபட்டுக் கட்டிய நிம்மதியை அவள் சிரித்துக்கொண்டே இடித்துவிட்டுப் போனாள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அது எனக்குத் தெரியும். அதனால்தான் அவளிடம் சண்டை போடவும் வழியில்லை. அடுத்த இரண்டு வாரம் யோசித்தேன். ஒரு சோதனையை ஒரே ஒருவரை வைத்துச் செய்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அதே கலவை, அதே நாற்பது டிகிரி, கெட்டிக்காரி என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரு பெண். அவள் என்ன ஆகிறாள் என்று பார்க்க நினைத்தேன்.

இப்போதுள்ள உலையின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் திருத்த எண் என்று ஒன்று உண்டு. கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். அதில் நாற்பது என்று போட்டால், திரை ஆயிரத்து ஐந்நூறு காட்டும்போது உள்ளே ஆயிரத்து நானூற்று அறுபதுதான் இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் அவளுடைய நாட்கள். அன்று காலை எல்லாருக்கும் முன்னால் வந்து எண்ணைப் போடுவேன். மறுநாள் காலை எடுத்துவிடுவேன். மற்றப் பிள்ளைகளின் வேலை கெடக் கூடாது இல்லையா. நான்கு மாதத்தில் முப்பத்தோரு முறை போட்டு, முப்பத்தோரு முறை எடுத்தேன். அந்தப் பெட்டி எல்லா மாற்றத்தையும் தேதியோடு நினைவில் வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அழிக்கவில்லை. நீங்கள் அதைக் கண்டுபிடித்தது உங்கள் திறமைதான், ஆனால் நான் மறைக்கவும் இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் நிலைமை எனக்கு இருந்தது போல இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அவள் வளையத்தை அளந்துவிட்டு அட்டவணையையும் பார்ப்பவள். முதல் நாளே பிடித்துவிடுவாள். அதனால் அவளுடைய வளையப் பெட்டியில் இருந்த அட்டவணையை எடுத்துவிட்டு, நாற்பது டிகிரி தள்ளி நானே ஒன்றைத் தட்டச்சு செய்து வைத்தேன். அதே எழுத்து, அதே தாள், மூலையில் அதே மடிப்பு. முப்பத்தோரு முறையும் அவள் அதைப் பார்த்தாள். முப்பத்தோரு முறையும் சரியாகத்தான் இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதினாள்.

முதல் டிக் கேட்டபோது சிரித்தாள். ஐந்தாவதில் தூளை மாற்றினாள். பத்தாவதில் அரைக்கும் கிண்ணத்தை மாற்றினாள். பதினைந்துக்கு மேல் ரீங்காரம் நின்றுவிட்டது. அப்போதுதான் கவனித்தேன், ஆய்வகம் எவ்வளவு அமைதியான இடம் என்று. "உலையை ஒரு தடவ சரி பாருங்கண்ணா" என்று இருமுறை கேட்டாள். அவள் எதிரிலேயே பார்த்தேன். இரண்டு முறையும் புதன்கிழமை.

"உலை நல்லாத்தாம்மா இருக்கு. கை சில நேரம் அப்படித்தான் பிடிவாதம் பிடிக்கும்" என்றேன்.

மதிப்பீடு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. குழுவில் நான்கு பேர். மூன்று வில்லை, மூன்று டிக். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த வாரமே முதல் முடிவுகள் உண்மைதானா என்ற பேச்சு கிளம்பியது. அப்புறம் என்று பெயர் வாங்கிய பேராசிரியர் இந்த ஒரு காரியத்தில் மட்டும் உடனே செயல்பட்டார். தன் பெயர் கெடுவதற்குள், உதவித்தொகை வேண்டாம் என்று அவளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றார்.

எப்படி எழுதுவதென்று தெரியாமல் அவள் என்னிடம்தான் வந்தாள். அதே மேசை, அதே நாற்காலி. 'என் முந்தைய முடிவுகள் நம்பத்தக்கவை அல்ல' என்று நான் சொல்லச் சொல்ல எழுதினாள். பாதியில் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணா, அந்த மூணு வில்லையையும் நான் நெஜமாவே செஞ்சேன்ல? நீங்க கூட இருந்தீங்கல்ல? பன்னெண்டு தடவ போட்டோமே."

நான் கூடத்தான் இருந்தேன். தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தவனே நான்தான்.

"நீ காட்டினதப் பார்த்தேம்மா" என்றேன். "வில்லைய மாத்தி வெச்சா எனக்கு எப்படித் தெரியும்."

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மீதியை எழுதி, கையெழுத்துப் போட்டாள். எழுத்துப்பிழை இரண்டு இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

குடியிருப்பைக் காலி செய்ய பதினைந்து நாள் கொடுத்தார்கள். சாமான் கட்ட நான் போனேன். அவளுடைய அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். கை வீங்கியிருந்தது.

"கூடப் பொறந்தவன்கூட இவ்வளவு செய்ய மாட்டான் தம்பி. நீ நல்லா இருக்கணும்" என்றார்.

ஊருக்கு வெளியே ஒரே அறை வீட்டில் போய் இருந்தார்கள். மருத்துவமனைக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். வாரம் மூன்று நாள் இரண்டு நாளாயிற்று, இரண்டு நாள் ஒன்றாயிற்று. அந்த அம்மா ஐந்து மாதம் தாங்கினார். செய்தி வந்ததும் போனேன். எல்லாம் முடியும்வரை இருந்தேன், நாற்காலிகளை எடுத்து அடுக்கிவிட்டுத்தான் வந்தேன். அவளிடம் அழுகை இல்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நான் மட்டும் ஒழுங்கா செஞ்சிருந்தா அம்மா இருந்திருப்பாங்கண்ணா." நான் மறுக்கவில்லை. துக்கத்தில் இருப்பவர்களிடம் வாதம் பண்ணக் கூடாது.

இப்போது குளியலறை ஓடுகள் விற்கும் கடையில் கணக்கெழுதுகிறாள். மாதம் ஒருமுறை என்னிடம் தொலைபேசியில் பேசுவாள். ஆய்வகத்தில் எல்லாரும் நலமா என்று கேட்பாள். ஆராய்ச்சி தனக்கு வராத ஒன்று, அதில் மூக்கை நுழைத்திருக்கக் கூடாது என்கிறாள். குரலில் பதற்றம் எதுவும் இல்லை. சோதனையின் முடிவு என்று நீங்கள் கேட்டால், இதுதான் முடிவு. நானும் அப்படித்தான் இருந்தேன்.

வேறொரு நாட்டு ஆய்வகத்தில் அதே கலவையைச் சுட்டு, முதல் முறையிலேயே தேறிவிட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது என்றீர்கள். சந்தோஷம். நல்ல கலவை அது. எண்ணைப் போட்டவன் நான், அட்டவணையை மாற்றியவன் நான், அவள் எழுதிக் கொடுத்த கடிதத்தைச் சொல்லிக்கொடுத்தவனும் நான். அந்த அம்மாவின் சாவை எந்தப் பிரிவின் கீழ் எழுதுவீர்களோ, அதையும் என் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தண்டனைக்கும் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு அவளை வரவழைத்து, உன் மேல் தப்பில்லை என்று சொல்லப்போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம், மேடம். இப்போதுதான் கொஞ்சம் அடங்கி உட்கார்ந்திருக்கிறாள். அது எப்படி வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. கட்டாயம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், என்னைச் சொல்ல விடுங்கள். அவளுக்கு இந்த உலகத்தில் என்னை விட்டால் யாரும் இல்லை.