இடது முன்சில்லின் தட்டு

கார் என்றால் அதில் மனிதர்கள்தான் ஏறி இறங்குவார்கள் என்று ஐம்பத்தாறு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். காரும் தன்பாட்டில் ஏறும், இறங்கும் என்பதை என் மருமகன் பிரதீஸ்தான் காட்டித்தந்தான்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. பெயர் யோகராசா. நாவற்குடாவில் கராஜ் வைத்திருக்கிறேன். சில்லும் ரயரும் விற்கிற ஆதம்பாவாவை நேற்று நீங்கள் பிடித்து ஸ்டேசனில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் வந்தேன். மூன்று மாதத்துக்கு முன் பிரதீஸின் கார் மதகில் மோதியதற்கும் அந்த மனிதருக்கும் சம்பந்தமில்லை. ஏன் இல்லை என்று சொல்வதென்றால் சில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சண்டைக் காலம் முழுக்க நான் செய்தது வண்டிகளை உயர்த்துகிற வேலை. ரோட்டெல்லாம் குழி, குழியில்லாத இடத்தில் சென்றியில் நின்ற ஆமிக்காரர் போட்ட மண்மேடு. வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குப் போகிற வான் என்றால் ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூடப் போட்டுத்தான் அனுப்புவேன். பிறகு சண்டை முடிந்தது, ரோட்டுக்குத் தார்க் காபட் போட்டார்கள். போட்டதுதான் தாமதம், பெடியன்கள் காரைத் தாழ்த்தத் தொடங்கிவிட்டார்கள். சமாதானம் வந்துவிட்டது என்று வானொலி சொன்னபோது நான் நம்பவில்லை, அதைப் பார்த்தபோது நம்பினேன்.

பிரதீஸ் பாசிக்குடாவில் புதிதாக வந்த ஹோட்டல் ஒன்றில் வேலை செய்கிறான். கொழும்பில் யாரோ ஆசைப்பட்டுச் செய்து, அலுத்து விற்ற காரை வாங்கி வந்தான். ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு நான்கு சில்லுக்கும் ரப்பர் காற்றுப் பை. டிக்கிக்குள் காற்று அடைத்து வைக்கிற ஒரு தாங்கி. கியருக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிச்சை அமத்தினால் கார் ஒரு பெருமூச்சு விட்டு நிலத்தில் குந்திவிடும். முதல் நாள் அதைப் பார்க்கப் பாதித் தெரு வந்தது. பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை அக்கா கவலையோடு கேட்டா: “என்ன தம்பி, இதுக்கு ஏலாமப் போச்சா?”

“இல்லக்கா, இதுதான் ஸ்டைல்” என்றான்.

“மறுகா ஒழும்புமா?”

எழும்பியது. ஆனால் குந்துகிற ஒவ்வொரு முறையும் ரயர் மட்காட்டின் விளிம்பைக் கடித்தது. ஆதம்பாவாவிடம் அகலமான சில்லு வாங்கிப் போட்டிருந்தான். அகலச் சில்லும் தாழ்ந்த காரும் ஒரு பாயில் படுக்கிற இரண்டு தடித்த ஆட்கள் மாதிரி, யாராவது ஒருவர் ஒதுங்க வேண்டும். எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்து மட்காட்டின் உட்புறம் பூசி, ஒரு சுற்று ஓட்டி வரச் சொல்வேன். சுண்ணாம்பு அழிந்திருக்கிற இடத்தில் ரயர் படுகிறது. விளிம்பைச் சூடாக்கி உள்ளே மடித்தேன். வயர்களை ஒதுக்கிக் கட்டினேன். அப்போது சில்லின் உட்பக்கம் காற்றுப் பையில் உரசப் பார்த்தது. அதற்கு ஆதம்பாவா இரண்டு அலுமினியத் தட்டுத் தந்தார், ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீற்றர் தடிப்பு. முன்சில்லுகளுக்குப் பின்னால் ஆளுக்கொன்று வைத்து முறுக்கினால் சில்லு வெளியே தள்ளி நிற்கும், பை தப்பும்.

இரண்டு தட்டு ஐயா. நீங்கள் காரில் ஒன்றைத்தான் கண்டீர்கள், ஆகவே அவர் ஒன்றைத் தந்து ஏமாற்றினார் என்று முடிவுகட்டிவிட்டீர்கள். மற்றது இதோ. துடைத்துத்தான் கொண்டுவந்தேன், உங்கள் மேசையில் கிறீஸ் படாது.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் இருப்பான். நானும் அப்படி வந்தவன்தான். என் மனைவி கண்ணகையின் வீடு கல்லடியில், கடலுக்குக் கிட்ட இருந்தது. சுனாமியன்று காலை நான் ஒரு வானுக்கு அடியில் கிடந்தேன், நாவற்குடாவில். மகள் வதனி ரியூசனுக்குப் போயிருந்தாள். கண்ணகை வீட்டில் இருந்தா. மூன்றாம் நாள் கண்டெடுத்தோம். எனக்குக் கடல் பிடிக்காது. பயம் என்றே எழுதலாம், வெட்கமில்லை. பிறகு ஒரு நிறுவனம் உள்பக்கமாக வதனியின் பெயரில் வீடு கட்டித் தந்தது. பின்னறையில் நான் இருக்கிறேன். ஏழு வருடம் அவள் கையால்தான் சோறு.

அப்படிப்பட்ட வீட்டை விட்டுவிட்டு, ஹோட்டல்காரர் குவாட்டர்ஸ் தருகிறார்கள் என்று பாசிக்குடாவுக்குக் குடிபோகப் போவதாக இரண்டு பேரும் சொன்னார்கள். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியுமாம். அதை ஒரு வசதி மாதிரிப் பிரதீஸ் சொன்னான்.

வதனியிடம் தனியாகக் கேட்டேன். “எனக்கும் ஆசையாத்தான் கிடக்கு அப்பா” என்றாள். “பாசிக்குடா என்ன வெளிநாடா? பஸ்ஸேறினா ஒண்டரை மணித்தியாலம். கிழமைக்கு ஒருக்கா வாறன்தானே.”

கிழமைக்கு ஒருக்கா கோயிலுக்குப் போகலாம் ஐயா. தகப்பனிடம் வரலாமா?

நான் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. காரைத் திருத்திக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஒன்றைச் சரிசெய்கிறபோது இன்னொன்று கொஞ்சம் பிழைக்கும். இடது பக்கம் உரசல் நின்றால் வலது பக்கம் தொடங்கும். முன்பக்கம் தீர்ந்தால் பின்பக்கம். சுண்ணாம்பு அழியாத இடத்தில் நானே விரலால் அழித்துவிட்டு “இஞ்ச பாருங்க மருமகன், இன்னும் படுகுது” என்று காட்டியிருக்கிறேன். கார் இல்லாமல் குடிபோக அவனுக்கு மனமில்லை, அது இல்லாமல் ஹோட்டல் வாசலில் போய் இறங்குவது வேட்டி இல்லாமல் கோயிலுக்குப் போவது மாதிரி அவனுக்கு. ஐந்து மாதம் ஓடியது. ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை, பாவம். “மாமா மாதிரி ஒரு கராஜ் பாஸ் கொழும்பிலயும் இல்ல” என்று சிநேகிதர்களிடம் சொல்லித் திரிந்தான். நல்ல பிள்ளை. அவனில் ஒரு குறை சொல்ல மாட்டேன்.

மார்கழியில் என் கையில் இழுத்தடிக்கிற சாட்டு தீர்ந்துவிட்டது. சுண்ணாம்பு பூசவும் இடமில்லை, கார் அவ்வளவு நன்றாக இருந்தது. நாள் குறித்தார்கள். சாமான்களை ஏற்றினார்கள். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நட் இறுக்கமா என்று பார்க்கிற மாதிரி இடது முன்சில்லைக் கழற்றி, தட்டை எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டினேன். பத்து நிமிட வேலை.

அளந்துதான் செய்தேன் ஐயா. ரயர் பையை மெதுவாகத் தேய்க்கும். என் கணக்கில் ஏறாவூர் தாண்டாது. அங்கே சனம் நிறைந்த ரோடு, மெதுவாகத்தான் ஓட வேண்டும். பை வெடிக்கும், கார் குந்தும், பிரதீஸ் எனக்குக் கோல் எடுப்பான், நான் போய் இழுத்து வருவேன். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் ஹோட்டல்காரர் குவாட்டர்ஸை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஆரைக் கெடுத்தேன்? ஆனால் அன்றைக்கு விடிந்ததிலிருந்து விடாத மழை. நனைந்த ரப்பர் சுறுக்காகத் தேயாது. அதை நான் யோசிக்கவில்லை. தொழில்காரன் யோசித்திருக்க வேண்டும், அந்தப் பிழையை ஒப்புக்கொள்கிறேன். ஏறாவூர் தாண்டி, செங்கலடி தாண்டி, கிரான் பக்கம் நேர் ரோட்டில் அவன் ஆசைப்பட்டு மிதித்த நேரம் பை போனது. மூலை ஒரேயடியாகக் கீழே விழுந்து, ரயர் மட்காட்டுக்குள் இறுகி, கார் மதகில் போய் நின்றது.

உயிர் தப்பிவிட்டான். இடுப்புக்குக் கீழேதான் உணர்வில்லை. முள்ளந்தண்டு என்கிறார்கள். இப்போது வீட்டோடு இருக்கிறான், வதனியும் வீட்டோடுதான். எங்கள் வழக்கம் அதுதானே. சக்கர நாற்காலி அறைக் கதவில் முட்டியது. நிலையைச் செதுக்கி ஒரே நாளில் சரிசெய்து கொடுத்தேன், எங்கேயும் உரசாது. “மாமா இல்லாட்டி நான் என்ன செய்வன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் அழுகை வந்தது. பொய்யில்லை.

அவனைக் கொல்ல நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. நடுரோட்டில் நிற்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவே. அதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆதம்பாவாவை விடுங்கள். பின்னேரத்துக்குள் என்னையும் விட்டால் நல்லது, பிரதீஸைத் தூக்கிக் குளிக்கவைக்க வதனிக்குத் தனியாக ஏலாது.

அது வேறு கேள்வி. ஓம், அன்றைக்கு வதனியும் காரில் ஏறிவிட்டாள். கதவும் சாத்தியாகிவிட்டது. நான்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் குந்தினேன். “அப்பாக்கு என்னமோ செய்யுது, நீங்க முன்னுக்குப் போங்க, நான் பஸ்ஸில வாறன்” என்று அவள் இறங்கிவிட்டாள். எனக்கு நெஞ்சில் ஒரு நோவும் இல்லை. கார் வழியில் நின்றுவிடும்தானே, இவளும் எதற்கு ஏறாவூர் வெயிலில் காய வேண்டும் என்று நினைத்தேன்.

விடிந்ததிலிருந்து மழை என்று முதலில் நானேதான் சொன்னேன். தெரியும், அன்றைக்கு வெயில் ஏது.

ஐயா, தட்டை எழுதுங்கள், சுண்ணாம்பை எழுதுங்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். அவளை இறக்கியதை மட்டும் விட்டுவிடுங்கள். வதனி வாசிப்பாள்.