நாலாம் நம்பர் டிரெஸ்

— அதனாலதான் சொல்றேன் மன்னி, பதினேழு இஞ்ச் மானிட்டர் எடுத்தே ஆகணும். பதினாலு இஞ்ச்ல டிரெஸ்ஸப் பாக்கறது, ஜன்னல் கம்பி வழியா தேர் பாக்கற மாதிரி. சக்கரம் தெரியும், சாமி தெரியாது!

— பரத், மொதல்ல மூச்சு விடு. கார்த்தாலேர்ந்து விடாம பேசிண்டே இருக்கே. பிரபு, நீ காபிய எடுத்துக்கோப்பா. ஆட்டோல ரெண்டு மானிட்டர், ஒரு மெஷின், ஒரு ஸ்கேனர்னு மடில குழந்தைய வெச்சுக்கற மாதிரி வெச்சுண்டு வந்திருக்கே, பாவம்.

— பரவால்லக்கா. ரிச்சி ஸ்ட்ரீட்டு கம்ப்யூட்டர் கடைலகீற எனக்கு இது டெய்லி கூத்து. ஆனா ஓனரு ஒரு கண்டிசன் போட்டுகீறாரு. ரெண்டு மானிட்டரையும் போட்டுப் பாக்கட்டும், எது வேணுமோ வெச்சிக்கட்டும், இன்னொண்ணு சாயங்காலத்துக்குள்ள கீறல் இல்லாம கடைக்கு வந்துரணும்ன்ட்டாரு.

— அதெல்லாம் பதினேழுதான் மச்சி, டவுட்டே கெடையாது. சரி, உள்ள என்ன போட்டிருக்கே? பென்டியம் த்ரீ சொன்னேனே?

— செலரான் போட்டுகீறேன், அதவிட வெல கம்மி.

— டேய்! துரோகி!

— இன்னா துரோகி? நீ இன்னா ராக்கெட்டா உடப்போற? டான்ஸ் டிரெஸ்ஸு படம் எடுக்கணும், மெயிலு அனுப்பணும், அவ்ளோதான. அக்கா, இவன் பேச்சக் கேக்காதீங்க. மெமரி அறுபத்துநாலு கீது. மோடம் வெளிய வெக்கிறது எடுத்துக்கோங்க, லைட்டு எரியிறதப் பாத்தே லைன் கீதா பூட்ச்சான்னு தெரியும். ஒரு யூபிஎஸ்ஸு. மயிலாப்பூர்ல கரண்ட்டு இன்னா சொல்லிக்கினா போவுது?

— மன்னி, மோடத்துல ஒரு சிக்கல் இருக்கு. நாம நெட்ல இருந்தா ஃபோன் என்கேஜ்டாவே இருக்கும். அண்ணா ஆஃபீஸ்லேர்ந்து கூப்ட்டா கெடைக்காது.

— உங்கண்ணா ஆஃபீஸ்லேர்ந்து கூப்ட்டு என்ன பேசறார்? இன்னிக்கி என்ன குழம்புன்னு கேப்பார். வந்து தெரிஞ்சுக்கட்டும். எனக்கு இந்த மோடம், மெமரி எதுவும் வேண்டாம். பிரபு, ஒண்ணே ஒண்ணு சொல்லு. எத வாங்கினா, அதோ அந்த மூலைல இருக்கே பெட்டி, அது மறுபடியும் திரும்பி வராது?

— இன்னா பெட்டிக்கா அது? ஃபாரின் ஸ்டாம்பெல்லாம் கீது?

— மன்னி, அத இப்ப எதுக்கு...

— அவனுக்கும் தெரியட்டும்டா. தெரிஞ்சாத்தானே சரியான சாமான் சொல்லுவான்? நியூஜெர்சில காமாக்ஷின்னு ஒரு டான்ஸ் டீச்சர், பிரபு. நான் தெக்கற டான்ஸ் டிரெஸ்ஸுக்கு பரத் வெப்பேஜ் பண்ணினானே, அதப் பாத்துட்டு மொத மொத ஆர்டர் குடுத்தது அவர்தான். ஆறு பொண்கள், ஆறு பேருக்கும் ஒரே மாதிரி டிரெஸ். நாலாம் நம்பர் வேணும்னு எழுதியிருந்தார். இந்தத் தையல் மிஷின்ல நானே உக்காந்து தெச்சேன். விசிறி மடிப்பு ஒவ்வொண்ணும் கையால புடிச்சு, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு அனுப்பினேன்.

— சோக்கா கீதேக்கா. அப்பறம் இன்னா ஆச்சு?

— அப்படியே திரும்பி வந்துடுத்து. கூட ஒரு துண்டுச் சீட்டு. படத்துல அரக்குக் கலரக் காமிச்சுட்டு பார்சல்ல பச்சை அனுப்பறேளே, இது என்ன வியாபாரம்னு. மடிப்புகூடக் கலையல, பொட்டலமே பாதிதான் பிரிச்சிருக்கார்.

— அரக்க பச்சையா அனுப்சிட்டீங்களா?

— நான் எதுக்கு அனுப்பறேன்? நாலாம் நம்பரே பச்சைதான். பாட்டில் பச்சை. அந்தத் துணியத்தான் ஸ்கேன் பண்ணச் சொல்லி இவன்கிட்ட குடுத்தேன்.

— அதான் சொல்றேனே, அந்த லஸ் டிடிபி சென்டர் மானிட்டர் ஒரு அரதப்பழசு! கலர் எல்லாம் அழுது வடியும். அதுல பாத்து நான் எப்படி கரெக்ட் பண்ண முடியும்? பிரபு, நீயே சொல்லு. நல்ல மானிட்டர் இருந்திருந்தா இது நடந்திருக்குமா?

— பேஜ்ல கலரு பேரு எழுதலியா நீ? பச்சைன்னு போட்டிருந்தா அந்தம்மாக்கே டவுட்டு வந்திருக்குமே.

— கலர் பேரெல்லாம் பத்தாம்பசலி மச்சி. நம்பர்தான் ஸ்டைல். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. உலகம் பூரா புரியும்.

— புரிஞ்ச லட்சணம்தான் மூலைல உக்காந்துண்டிருக்கு. பிரபு, நான் ராயப்பேட்டை ஸ்கூல்ல தையல் டீச்சரா இருந்தேன். இதுக்காக வேலைய விட்டேன். ஆத்துல யாருக்கும் இஷ்டமில்ல. இவன் அண்ணா மட்டும்தான் பண்ணிப் பாருன்னார், அவரும் பாதி மனசா. இப்ப காமாக்ஷி டீச்சர் நேத்திக்கி ஒரு மெயில் போட்டிருக்கார். பரத் அடையார் பிரவுசிங் சென்டர்ல பாத்துட்டு வந்தான். வாசிடா அத.

— வாசிக்க வேண்டாம், மனப்பாடமே ஆயிடுத்து. கடைசியா ஒரு சான்ஸ் குடுக்கறாராம். நாலாம் நம்பர் நெஜமாவே எப்படி இருக்கும்னு நாளைக்குள்ள சரியான படம் அனுப்பணும். இல்லேன்னா அங்க இருக்கற அத்தன டான்ஸ் டீச்சர்கிட்டயும் இந்தக் கடைப் பக்கம் போகாதீங்கோன்னு சொல்லிடுவாராம்.

— ஏமாத்துக்காரின்னு எழுதியிருந்தாரே, அத விட்டுட்டியே.

— மன்னி...

— இருக்கட்டும்டா. அவர் மேல தப்பில்ல. அவர் எடத்துல நான் இருந்தா நானும் அதான் சொல்லுவேன். அதனாலதான் கேக்கறேன் பிரபு. இன்னிக்கி எடுக்கற படம் தப்பா போச்சுன்னா எனக்குக் கடை இல்ல. எந்த மானிட்டர்?

— அக்கா, தப்பா நெனைக்கக்கூடாது. நான் விக்க வந்தவன், பெருசா எடுங்கன்னா எனக்குத்தான் நல்லது. ஆனா பதினேழு இஞ்ச் இங்க மயிலாப்பூர்ல கீது. அந்தம்மா பாக்கறது அவங்க ஊட்டு மானிட்டர்ல. இங்க நீங்க தங்கத்துல மானிட்டர் வெச்சாலும் அங்க அவங்களுது எப்டி காட்டுதோ அப்டித்தான காட்டும்?

— ஆமா இல்ல? இது எனக்குத் தோணவே இல்லையே. பரத், உனக்குத் தோணித்தா?

— அது... அப்படி இல்ல மன்னி. இங்க கரெக்டா தெரிஞ்சாத்தானே நான் கரெக்ட் பண்ணி அனுப்ப முடியும்? ஸ்கேன் பண்ணினவுடனே படம் அழுக்காதான் வரும். நான் துணியப் பக்கத்துல வெச்சுண்டு, அதே மாதிரி வர்ற வரைக்கும் கலர ஏத்தி எறக்கி, அரை மணி நேரம் உக்காந்து சரி பண்ணுவேன். அதுக்குத்தான் நல்ல மானிட்டர் கேக்கறேன். ஒங்களுக்காகத்தானே மன்னி இவ்ளோ கத்தறேன்?

— தெரியும்டா. ஆனா அன்னிக்கி விளையாட்டுத்தனமா பண்ணிட்டியோன்னு எனக்கு ஒரு ஆத்தாமை இருந்தது. அதையும் சொல்லிடறேன்.

— விளையாட்டா? அந்த நாலாம் நம்பருக்கு நான் பட்ட பாடு! டிடிபி சென்டர்க்காரன் ஷட்டர எறக்கற வரைக்கும் உக்காந்திருந்தேன்!

— சரி சரி, சண்டை வாணாம். மெஷின ஆன் பண்ணிட்டேன். மொதல்ல சின்ன மானிட்டர். அக்கா, அந்தப் பச்சைத் துணி ஒரு துண்டு கீதா?

— மேட்சிங் பாக்க வெட்டி வெச்ச துண்டெல்லாம் இந்த டப்பால இருக்கு. இந்தா, நாலாம் நம்பர்.

— ஸ்கேனர்ல கவுத்து வெச்சிட்டேன். இரு, லைட்டு போவுது பாரு உள்ளாற... வந்துக்கினேகீது... வந்துருச்சி. அக்கா, பாருங்க.

— அட, பரவாயில்லையே! துணி கொஞ்சம் மங்கலா இருக்கு, ஆனா பச்சை பச்சையாத்தான் இருக்கு. இதையே அனுப்பலாம் போலருக்கே.

— அய்யய்யோ மன்னி, இதயா? துணில இருக்கற அந்தப் பளபளப்பு எங்க? பிரபு, எழுந்திரு மச்சி, நான் உக்காறேன். இத இப்படி இழுத்து... இன்னும் கொஞ்சம்... அப்படியே சோகையா இருக்கு பாருங்கோ, உயிரே இல்ல... இத இந்தப் பக்கம்... துணியப் பக்கத்துல வெய்யுங்கோ மன்னி. ஆ! வருது வருது!

— பரத்.

— ஒரு நிமிஷம் மன்னி. இன்னும் ஒரு துளி. ...முடிஞ்சுது! இப்ப பாருங்கோ! துணியும் படமும் ரெட்டைப் பிள்ளை மாதிரி இல்ல?

— மச்சி, இன்னா பண்ணிகினு கீற?

— ஏன்? நல்லா வரல?

— பரத், இது அரக்கு.

— எது?

— படம்டா. அரக்காயிடுத்து. துணி பச்சை. அன்னிக்கி டீச்சர் பாத்தது இதத்தான்.

— பாத்தீங்களா! நான் சொல்லல? பதினாலு இஞ்ச்ல உக்காந்து வேலை பண்ணினா இந்த கதிதான். எனக்கு ஒரு மாதிரி காட்டறது, ஒங்களுக்கு ஒரு மாதிரி காட்டறது. பிரபு, கேபிள மாத்து. பெரிய மானிட்டர் போடு.

— மச்சி, ஒரே கண்ணாடியத்தான மூணு பேரும் பாக்கறோம்...

— மாத்துடா!

— இரு இரு, மாத்தறேன். ...ம். இப்ப பாரு. அதே படம்.

— ஆஹா, பாருங்கோ மன்னி, எவ்ளோ தெளிவா இருக்கு! இப்ப துணி மாதிரியே இருக்கா இல்லையா?

— இல்ல கண்ணா. இன்னும் நன்னா அரக்கா இருக்கு.

— ஒங்களுக்கு என்ன ஆச்சு? ரெண்டு பேரும் சேந்துண்டு என்னக் கலாய்க்கறேளா?

— பரத்து, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. பாலிடெக்னிக்ல ரெசிஸ்டர் மேல அளவு சொல்ற கோடு கலர் கலரா இருக்குமே, அத்தப் படிக்கிற வேலைய எப்பவும் ஏன் என் தலைல கட்டுவ?

— எனக்கு போர் அடிக்கும்டா அது. பொடிப் பொடியா இருக்கும். அதுக்கும் இதுக்கும் என்ன?

— அக்கா, இவன் வயரு சால்டர் பண்ணும்போதுகூட எது எந்த வயருன்னு எடுத்துக் குடுக்க என்னத்தான் பக்கத்துல நிக்கச் சொல்லுவான்.

— நீ அதச் சொல்றே. நான் தக்காளிய நெனச்சுண்டிருக்கேன், பிரபு.

— தக்காளியா?

— பழமா பாத்து வாங்கிண்டு வாடான்னு மாட வீதிக்கு அனுப்புவேன். பாதி பழமா இருக்கும், பாதி காயா இருக்கும். கடைக்காரி தலைல கட்டிட்டா, இவன் அரட்டை அடிச்சுண்டு பாக்காம வந்துட்டான்னு வருஷக்கணக்கா திட்டிண்டிருக்கேன்.

— மன்னி, இப்ப நாம கம்ப்யூட்டர் வாங்கறோமா, கறிகாய் வாங்கறோமா? சாயங்காலத்துக்குள்ள மானிட்டர முடிவு பண்ணணும். பிரபுவோட ஓனர் காத்துண்டிருப்பார்!

— மானிட்டர அணைச்சுடு பிரபு.

— அணைச்சிட்டேன்க்கா.

— பரத், இங்க ஜன்னல்கிட்ட வா. ரங்கநாதன் தெருவுல நான் பிளவுஸ் பிட் எடுக்கறச்சே நீ கூட வந்திருக்கே இல்ல? கடைக்குள்ள டியூப் லைட்ல பாத்தா முடிவு பண்ணுவேன்? பொடவைத் துண்டையும் பிட்டையும் எடுத்துண்டு வாசலுக்கு வந்து வெயில்ல வெச்சுப் பாப்பேனே?

— கடைக்காரன் நீங்க துணியத் தூக்கிண்டு ஓடறேள்னு பின்னாடியே வருவான். ஞாபகம் இருக்கு.

— அதேதான். இப்ப மானிட்டர் இல்ல, ஸ்கேனர் இல்ல, டியூப் லைட் இல்ல. நல்ல வெயில். இந்தக் கைல ஒரு துண்டு, இந்தக் கைல ஒரு துண்டு. இதுல டீச்சருக்கு அனுப்பின நாலாம் நம்பர் எது? எடு.

— இதென்ன பரீட்சை? இதோ, இது.

— நன்னா பாரு.

— பாத்துட்டேன் மன்னி. இது இல்லேன்னா அது. எதா இருந்தா என்ன, ஒரே பீஸ்லேர்ந்து வெட்டினதுதானே ரெண்டும்?

— அக்கா...

— பிரபு, நீ சும்மா இரு. ஒண்ணும் சொல்லாதே. பரத், நான் திட்டினது எல்லாத்தையும் மறந்துடு. நெஜமா சொல்லு. இது அரக்கு. இது பச்சை. இதுக்கும் இதுக்கும் ஒனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையா?

— ஏன் மன்னி உங்க கண்ணு கலங்கறது? ஏன்டா பிரபு நீயும் இப்படிப் பாக்கறே? இருங்கோ, இருங்கோ... அப்போ தக்காளி, ரெசிஸ்டர், நாலாம் நம்பர்... மச்சி, சத்தியமா சொல்லு. மன்னி, நீங்களும் சொல்லுங்கோ. இது ரெண்டும் ஒங்களுக்கு வேற வேறயாவா தெரியறது? எப்படி இருக்கும் அது?