இல்லை என்று சொல்லாத பொத்தான்

தேத்தண்ணிக்கு நன்றி, இரகுநாதன் சேர். சுற்றிவரத் தேயிலையை வைத்துக்கொண்டு இப்படியொரு தேத்தண்ணி போட விசாரணைக் கந்தோரால் மட்டும்தான் முடியும். பரவாயில்லை. நான் வியாபாரி வீட்டுப் பிள்ளை. ஓசியில் வந்ததைக் குறை சொல்வதில்லை.

பெயர் மபாஸ். பதுளையில் மொஹிதீன் துணிக்கடை என்றால் பஸ் கண்டக்டருக்கும் தெரியும். அது வாப்பாவின் கடை. கீழே அவர் துணி விற்கிறார். மேல்மாடியில் நான் வெப்சைட் செய்கிறேன். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. இரண்டுமே உள்ளே இருப்பதை மூடி வெளியே அழகாகக் காட்டுகிற தொழில்.

எங்கள் வீதியில் எல்லாம் கிடைக்கும் சேர், ‘இல்லை’ என்ற சொல்லைத் தவிர. கிளிப்பச்சையில் சேலை கேட்டு வருகிற பெண்ணிடம், கடையில் ஒரு முழம் கிளிப்பச்சை இல்லாவிட்டாலும், “வருது, இரிங்க” என்போம். ஒருவர் பின்வாசலால் பலீல் காக்காவின் கடைக்கு ஓடுவார். அங்கேயும் இல்லையென்றால், “லொறி பசறையத் தாண்டிட்டு” என்று பிளேன்டீ கொடுத்து உட்கார வைப்போம். உட்கார்ந்த வாடிக்கையாளர் எழும்பிப் போவதில்லை. கடைசியில் நீலத்தைக் கட்டிக்கொண்டு போவார். இதற்குப் பொய் என்று பெயரில்லை. வரவேற்பு என்று பெயர்.

சரி, பொத்தானுக்கு வருகிறேன்.

நிவாரணச் சங்கம் ஒன்று என்னிடம் வெப்சைட் கேட்டது. மலைச்சரிவுக்குக் கீழே தேயிலைத் தோட்ட லயங்களின் வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள் சுவர் வெடிப்பையும் நிலவெடிப்பையும் போனில் படமெடுத்து அனுப்ப வேண்டும். மண் தெரிந்த அதிகாரி படத்தைப் பார்த்து, ஆபத்தென்றால் பஸ் அனுப்பி ஆட்களை இறக்குவார். நல்ல வேலை. நானே விலையைக் குறைத்துக் கொடுத்தேன். வாப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் படம் அனுப்பும் பொத்தான் இருக்கிறதே, அது செய்கிறவன் சொல் கேட்காது. அது பிரவுசரின் சொத்து. கணினியில் ஒரு முகம், ஐபோனில் ஒரு முகம், தோட்டத்தில் புழங்கும் பழைய போன்களில் துருப்பிடித்த தகரம் மாதிரி மூன்றாவது முகம். நிறம் பூசினால் ஒன்று ஏற்கும், மற்றது உதிர்க்கும்.

சங்கத்துக்குப் பொறுப்பான நிசாந்தினி மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். போனிலேயே பிரம்பு தெரியும்.

“தம்பி, என்ர லப்டொப்பில வடிவாப் பச்சையாக் கிடக்கு. டிரெக்டற்ற போனில சாம்பலாக் கிடக்கு. என்ன கோதாரி இது? எல்லாத்திலயும் ஒரே மாதிரி வேணும். புதன்கிழமை திறப்பு விழா. வாறவை இதைப் பாத்துச் சிரிக்கவோ?”

“செஞ்சி தாறன் மிஸ்” என்றேன். வேறென்ன சொல்வேன்?

வழி இருக்கிறது. உண்மைப் பொத்தானைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டு, அந்த இடத்தில் நாம் வரைந்த பொத்தானை வைக்க வேண்டும். விரல் நம் பொத்தானைத் தொடும். அது பின்னால் இருப்பதைத் தட்டிவிடும். கடை வாசலில் பொம்மைக்குச் சேலை கட்டுவது போல. தேயிலைக் கொழுந்து நிறத்தில் செய்தேன். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வந்தது. மிஸ் முதல்முறையாக என்னை “மபாஸ்” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

பழைய போன்களில் மட்டும் ஒரு குறை. பொம்மை தட்டியதை அந்தப் பிரவுசர்கள் களவுச் சாமானாக எண்ணின. படத்தைத் தெரிவு செய்ய விடும், திரையில் காட்டவும் செய்யும். அனுப்பும்போது அதை எறிந்துவிட்டு வெறும் உறையை அனுப்பும். அப்படி நடந்தால் அனுப்பியவருக்குத் தெரிய, ‘படம் வந்து சேரவில்லை’ என்று திரையில் சிவப்பில் வரும்படி எழுதி வைத்திருந்தேன். எழுதிவிட்டுப் பார்த்தேன். என் கடை வாசலில் நானே ‘இல்லை’ என்று பலகை மாட்டியது போலிருந்தது. திறப்பு விழாவில் யாராவது பழைய போனை நீட்டினால்?

அதனால் அதை மாற்றினேன். பச்சையில், ‘கிடைத்தது. நன்றி.’

விழா நன்றாக நடந்தது. கேக் வெட்டினார்கள், பொத்தான் படம் போட்ட கேக்.

பிறகு மழை பிடித்தது. லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேட்டு லயத்திலிருந்து ஜெபமலர் என்ற பெண் போன் எடுத்தாள். பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். வெப்சைட்டின் அடியில் என் நம்பர் இருந்தது. விளம்பரத்துக்காகப் போட்டது.

“அண்ணே, எங்க லயமே படம் அனுப்பிருச்சு. எல்லாருக்கும் ‘கிடைத்தது, நன்றி’ன்னு வந்துச்சு. ஒருத்தரும் வரக்காணோமே? ஒங்க பொத்தான் எங்க கங்காணி மாதிரியே இருக்கு. எல்லாத்துக்கும் தலைய ஆட்டுது, ஒண்ணும் நடக்க மாட்டேங்குது.”

நான் சிரித்தேன். நல்ல வாய் அவளுக்கு.

“வெடிப்பு எவ்வளவு தங்கச்சி?”

“முந்தி வெரலு போச்சு. இப்ப கையி போவுது. புள்ளைங்கள தூக்கிட்டு மாதா கோயிலுக்குப் போயிரலாம்னு எங்க வீட்டுக்காரரு றிச்சர்ட்டு சொல்றாரு. மத்தவங்கதான், ஆபீசர் வர்ற நேரம் லயம் பூட்டிக்கிடந்தா திரும்பிப் போயிருவாரேன்னு யோசிக்கிறாங்க. நீங்க சொல்லுங்கண்ணே. போகவா, இருக்கவா?”

பேசிக்கொண்டே கணினியைத் திறந்து பார்த்தேன். அந்த லயத்திலிருந்து வந்திருந்ததெல்லாம் வெறும் உறைகள். ஒரு படமும் இல்லை. ஏன் இல்லை என்று இந்த மாகாணத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நிசாந்தினி மிஸ்ஸிடமும் சொல்ல வேண்டும். மிஸ் டிரெக்டரிடம் சொல்வார். பொத்தான் பழைய சாம்பலுக்குத் திரும்பும். கேக் வெட்டிய பொத்தான், சேர்.

“வருது, இரிங்க” என்றேன்.

“அப்ப இருக்கோம்ண்ணே. நீங்களே சொல்லிட்டீங்க.”

ஞாயிற்றுக்கிழமை மலை இறங்கி அந்த லயத்தை மூடியது. பூசைக்குப் போகாமல், அதிகாரியை எதிர்பார்த்து, எல்லோரும் வீட்டிலேயே இருந்தார்களாம். ஜெபமலர் வாசலைக் கூட்டி வைத்திருந்தாள் என்று அடுத்த லயத்துக்காரர் பேப்பரில் சொல்லியிருந்தார்.

தெரிந்துதான் செய்தேனா என்றுதானே கேட்கிறீர்கள்? ஆமாம். பொத்தானில் பொய் எழுதியதும் நான், இருக்கச் சொன்னதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

கூடவே இதையும் எழுதுங்கள் சேர், நியாயத்துக்காக: அந்த லயத்திலிருந்து அதன் பிறகு எனக்கு ஒரு முறைப்பாடுகூட வரவில்லை.