ஜோத்பூர்ல ஒரு கீழ் ரூமு

இதுவும் வேண்டாம் அம்முணி. அடுத்ததக் காட்டு.

கருமம், கக்கூசுக்குக் கண்ணாடிக் கதவு வெச்சிருக்கறான். அரண்மனை ஸ்டைலாமா? எந்த ராணி அப்படிப் போயி உக்காந்தா? நானும் எங்க மாமியாளும் போறோம். அவுங்க முன்னால நானு... தூ.

சிரிக்காத சாமி. நெசமாத்தான் ஒமட்டுது. அஸ்தம்பட்டியிலயே உங்க ட்ராவல்ஸ்தான் பொறுமையா எடுத்துக் காட்டுவாங்கன்னு சொன்னாங்க, அதுதான் பஸ் ஏறி வந்தேன். ஒண்ணே ஒண்ணு, கீழ் ரூமா இருக்கோணும். அத்தைக்கு முட்டி வலி, படியேற மாட்டாங்க. கீழ் ரூமு இல்லைன்னா நாங்க கெளம்பறதே வீண்.

இது என்ன, கட்டலுக்குப் பக்கத்துலயே குளிக்கற தொட்டி? ஒரு மறைப்புக் கூட இல்ல. துண்டுல ரெண்டு வாத்து வேற செஞ்சு வெச்சு, சுத்தியும் ரோசாப்பூவப் பிச்சுப் போட்டிருக்கறான். எத்தன பேரு பொரண்டு எந்திரிச்ச மெத்தையோ. தள்ளு தள்ளு.

ஏற்காடு பக்கத்துலயே கெடக்குதுங்கறயா? ஏற்காட்டுல எனக்கென்ன வேல. எங்க ஊட்டுக்காரரு ஜோத்பூர்ப் பக்கந்தான் ஆள்துளைக் கெணறு போடற போர் வண்டி ஓட்டறாரு. எங்க திருச்செங்கோட்டு ஆம்பளைங்க பாதிப்பேரு வடக்கதானே கெடக்கறாங்க. போன் பண்ணுனா, வண்டிக்கடியிலதான் படுக்கறேன், வாயெல்லாம் புளுதி, ரொட்டியத் தின்னு வகுறு காஞ்சு போச்சுங்கறாரு. பொங்கலுக்கும் வல்ல, மாரியாத்தா நோம்பிக்கும் வல்ல. கேட்டா, சீசனு, வண்டிய உட்டுட்டு வர முடியாதுங்கறாரு.

ஆமா, அவருகிட்டச் சொல்லாமத்தான் போறோம்.

நில்லு. இதா, இது. இந்தப் பளைய மூணு மாடி ஊடு. பெருசு பண்ணு.

வாடகை எச்சா? இருந்துட்டுப் போகுது. அதென்ன அடியில எளுதியிருக்குது, படி. ஓனருங்களே கூடவே குடியிருக்கறாங்களா? வர்றவங்கள ஊட்டுக்கு விருந்துக்கு வந்த ஒறம்பரையாட்டம் பாத்துக்குவாங்களாமா? த்தூ. ரெண்டு பேரும் வாசல்ல கும்புட்டுக்கிட்டு நிக்கறதப் பாரு. அந்தாளுக்குத் தலப்பா என்ன, முறுக்கு மீசை என்ன. பக்கத்துல அவ இளிப்பு என்ன.

வேற பாக்கறயா? வேண்டாம், இதுதான். இந்த ஊட்டுப் பேரச் சொல்லிக் கேக்க எனக்கு வாய் வல்ல அம்முணி. நீயாக் காட்டற வரைக்கும் உக்காந்திருக்கலாம்னு இருந்தேன். கீழ் ரூமு காலியா இருக்குதா பாரு.

இருக்குதா? அப்பாடா. போட்டுரு.

எம்பேரு வேண்டாங்கண்ணு. உம்பேரு என்ன, அபிநயாவா? நல்லாருக்குது, அதையே போடு. வசந்தாமணின்னு பேரப் பாத்தான்னா அந்தத் தலப்பாக்காரன் ரூமே இல்லைன்றுவான்.

தெரிஞ்சவரா? அவருதான் எங்க ஊட்டுக்காரரு.

அட, நீ எதுக்குக் கண்ணு கலங்கற. நானு அளுது முடிச்சுட்டேன். எம்மவ செல்போன்ல இதக் காட்டுன அன்னிக்கு ஒரு வாய் சோறு எறங்கல.

அத்தைகிட்டச் சொல்லிட்டனாவா? அவுங்க அன்னிக்கே கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. போனத் திருப்பிக் குடுத்துட்டு, எம்மவன் ஒறம்பரைய எப்படிப் பாத்துக்கறான்னு பாக்கலாம், கீழ் ரூமாப் பாத்துப் போடு, நானும் வாரேன்னுட்டாங்க.