கல்குவாரியில் ட்ரோன் விழுந்தது குறித்து மூத்த மருமகள் சொன்னது

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதியிருப்பது சரி. வயது முப்பத்தேழு. நில அளவை நிறுவனம் ஒன்றில் ட்ரோன்களுக்குப் பறக்கும் பாதை போட்டுக்கொடுக்கும் வேலையில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். கல்குவாரியில் ட்ரோன் விழுந்து, பாறையில் துளையிடும் தொழிலாளிக்குத் தோள் எலும்பு முறிந்த வழக்கில், பாதையைப் போட்டவள் என்று விசாரிக்கப்படுபவள் என் கணவருடைய தம்பியின் மனைவி, அதாவது என் ஓரகத்தி. மாமியாருடன் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். யாரும் அழைக்காமல் நானே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்தது நான்தான். ட்ரோன் எந்தெந்தப் புள்ளி வழியாக, எவ்வளவு உயரத்தில் போக வேண்டும் என்று கணினியில் குறித்துவிட்டால் அது தானாகவே பறந்து படமெடுத்துத் திரும்பிவிடும். அந்த உயரம் ட்ரோன் கிளம்பும் இடத்திலிருந்து கணக்காகும், அதற்குக் கீழே உள்ள தரையிலிருந்து அல்ல. இதைச் சாப்பாட்டு மேசையில் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, கரண்டியை மேலே பறக்கவிட்டு அவளுக்குக் காட்டினேன். "அவ்ளோதானாக்கா?" என்றாள். எனக்கு அது பிடிபட ஆறு மாதம் ஆனது.

அதன் பிறகு அவள் போட்ட பாதைகளை மேலாளர் எல்லோருக்கும் எடுத்துக் காட்டத் தொடங்கினார். ஜன்னலோர இருக்கையை நான் கேட்டிருந்தேன், அது அவளுக்குப் போனது. மாமியார் வீட்டுக்கு வருகிறவர்களிடம், "சின்னவளுக்கு மூளை, பெரியவளுக்குப் பொறுமை" என்பார். என் கணவரும் ஒருமுறை, "இதை அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கயேன்" என்றார். நான் கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். அவளுடன் எனக்குச் சண்டை எதுவும் கிடையாது. என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது விடுப்பு எடுத்துப் பார்த்துக்கொண்டவள் அவள். அதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது என்பதை எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன்.

சம்பவத்தன்று காலை பத்தரை மணிக்கு மேலாளர் அவளைக் குழுத்தலைவி ஆக்கியிருப்பதாக அறிவித்தார். எல்லோரும் கை தட்டினோம். அதன் பிறகு அவளைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். அப்போது அவள் மேசைத் தொலைபேசி அடித்தது. அடுத்த இருக்கையில் இருந்த நான் எடுத்தேன். குவாரியிலிருந்து ட்ரோன் ஓட்டுநர் பேசினார். "மேல போற வழியில லாரி பழுதாகி நிக்குதும்மா. ட்ரோனை கீழ குழியில இருந்தே ஏத்திடறேன். ஏதாவது மாத்தணுமா?" என்று கேட்டார்.

அவள் கணினியில் அந்தப் பாதை திறந்தே இருந்தது. குவாரியின் மேல்தட்டிலிருந்து கிளம்புவதாக வைத்து, பதினான்கு புள்ளிக்கும் முப்பது மீட்டர் கொடுத்திருந்தாள். குழி அதற்கு நாற்பத்தைந்து மீட்டர் கீழே. அங்கிருந்து கிளம்பினால் மேல்தட்டு உயரத்துக்கே வராது, ஒன்பதாவது புள்ளிக்குப் போகும் வழியில் பாறைச் சுவர் குறுக்கே நிற்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது. அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மேலாளரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஓட்டுநரிடம், "அவ போட்டதுல தப்பு இருக்காதுங்க. அப்படியே ஓட்டுங்க" என்றேன்.

ட்ரோன் பாறையில் உரசி உடையும், அவள் ஒரு நாளாவது தலை குனிந்து நிற்பாள் என்றுதான் நினைத்தேன். கீழே ஆள் இருக்கிறாரா என்று கேட்கவில்லை. அதன் பிறகு ட்ரோன் கிளம்பப் பதினோரு நிமிடம் இருந்தது. திரும்ப அழைத்துச் சொல்லியிருக்கலாம், அழைக்கவில்லை.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். வீட்டில் மாமியார், "தலைக்கனம் ஏறினா இப்படித்தான் ஆகும்" என்று அவளைச் சொன்னபோது எனக்கு மனம் குளிர்ந்தது.

நேற்று மாலை அவள் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். "என் டேபிள் போன்ல பேசினது ஒரு பொம்பளைன்னு ஓட்டுநர் அண்ணா சொல்லிட்டாரு. நான்தான் பேசினேன்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டேன்க்கா" என்றாள். ஏன் என்று கேட்டேன். "உங்களுக்கு ஒன்பது வருஷ வேலைக்கா. எனக்கு ரெண்டு வருஷம்தானே போகுது" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. இதிலும் அவளே பெரியவளாகிவிட்டாள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இரவு முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் கணவரிடமும் சொல்லாமல் இங்கே வந்தேன்.

எழுதிய அதிகாரி இதை எனக்கு வாசித்துக் காட்டினார். உயரத்தை மாற்றும்படி ஓட்டுநரிடம் "சொல்ல மறந்துவிட்டேன்" என்று ஓரிடத்தில் இருந்தது. நான் மறக்கவில்லை. அதை அடித்துவிட்டு "தெரிந்தே சொல்லவில்லை" என்று எழுதச் சொல்லி, அடித்த இடத்தில் தனியாகக் கையெழுத்துப் போட்டேன். மற்றவை நான் என் வாயால் சொன்னபடியே உள்ளன. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)